வீடு கட்டுவதும் வீடு இடிப்பதும்

காடாம்புலியூர் பக்கத்துத் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் பாட்டன் காலத்திலிருந்து கூரைக் குடிசையில் கிடந்தோம். இப்போதுதான் சர்க்கார் உதவியால் காங்கிரீட் தளம் போட்டு ஒரு வீடு கட்டப்போகிறோம். இந்தச் சமயம் பார்த்து, சிமெண்டால் உலகம் சூடாகிறது, செங்கல்லால் ஆகாயம் கெடுகிறது என்று படித்தவர்கள் பேசுகிறார்களே! இது என்ன புதிய தீட்டு? நாங்கள் வீடு கட்டும்போதுதானா இந்தச் சாஸ்திரம் கண்டுபிடிக்கப்பட வேண்டும்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமான கேள்வி. ஏழை ஒருவன் தலை நிமிரும்போதெல்லாம் அதைத் தடுக்க ஏதாவது ஒரு சாஸ்திரம் வந்து நிற்பது இந்த நாட்டு வழக்கம். ஆதலால் அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆனால், புரோகிதன் சொல்லும் தீட்டுக்கும் விஞ்ஞானி சொல்லும் கணக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தீட்டுக்கு அத்தாட்சி கேட்டால் "கேட்பதே பாவம்" என்பான் புரோகிதன். கணக்குக்கு அத்தாட்சி கேட்டால் கூட்டிக் கழித்துக் காட்டுவான் விஞ்ஞானி. ஆகையால் நாமும் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம்.

சிமெண்டு எப்படி உண்டாகிறது? அரியலூர்ப் பக்கத்திலும், பெயர் மாற்றத்திற்காக 1953ல் போராட்டம் நடந்த கல்லக்குடியிலும் பூமியிலிருந்து சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துப் பெரிய உலையில் போட்டு எரிக்கிறார்கள். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லை எரித்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சுகிறது. மீதி 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாக ஆகாயத்திற்குப் போயிற்று. உலைக்குப் போட்ட நிலக்கரியின் புகை இதில் சேரவில்லை, அது வேறு. இப்படியாக, உலகத்தில் மனிதன் வெளியே விடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டு ஒன்றினால் மட்டும் உண்டாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டடம் கட்டுவது, கட்டிய கட்டடத்தில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஓட்டுவது எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இந்த வாயு பூமியின் மேல் ஒரு கம்பளி போல் இருந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளுகிறது. இதில் கடவுள் சித்தமும் கிடையாது, கலியுகமும் கிடையாது. காரணம் இருக்கிறது, காரியம் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வீட்டுக்கும் மனிதனைப் போலவே பிறப்பு, வாழ்வு, சாவு என்கின்ற மூன்று உண்டு. கல்லும் சிமெண்டும் கம்பியும் செய்து கட்டுவது பிறப்பு. அதில் குடியிருந்து மின்சாரம் செலவழிப்பது வாழ்வு. இடித்து மண்ணாக்கி ஏரியில் கொட்டுவது சாவு. மூன்றிலும் புகை உண்டு. வீட்டின் புகையைக் குறைக்க வேண்டுமானால் இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பவன் ஏமாந்து போவான்.

இப்போது தோழரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு சர்க்கார் 2024ல் "கலைஞரின் கனவு இல்லம்" என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். 2030க்குள் 8 லட்சம் குடிசைகளை ஒழித்து, ஒவ்வொன்றும் 360 சதுர அடியில் கெட்டி வீடாகக் கட்டிக்கொடுப்பதென்பது அதன் உத்தேசம். மேஸ்திரிகள் வழக்கமாகச் சொல்லுகிறபடி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டு என்று வைத்தால், 360 சதுர அடிக்கு 144 மூட்டை. அதாவது 7,200 கிலோ. சாம்பல் கலந்த சிமெண்டில் டன்னுக்குச் சுமார் 600 கிலோ வாயு என்று வைத்தால் 4.3 டன். கம்பிக்கு ஒரு இரண்டரை டன், செங்கல்லுக்கும் மற்றதற்கும் ஒரு இரண்டு டன் என்று சேர்த்தால் மொத்தம் சுமார் 9 டன் ஆகிறது.

9 டன் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. அந்த வீடு ஒரு நாளைக்கா நிற்கப்போகிறது? ஒழுங்காய்க் கட்டினால் 50 வருஷம் நிற்கும். 9 டன்னை 50ஆல் வகுத்தால் வருஷத்திற்கு 180 கிலோ. வீட்டில் நாலு பேர் என்றால் ஆளுக்கு 45 கிலோ. இதோடு ஒரு பணக்காரர் வீட்டுப் படுக்கை அறையை ஒத்துப்பாருங்கள். பழைய மாதிரி ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் மின்சாரம் தின்னும். இரவில் 8 மணி நேரம், வருஷத்தில் 120 நாள் ஓட்டினால் 1,440 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் வாயு உண்டாகிறது. ஆகவே வருஷத்திற்கு ஒரு டன். அதாவது, ஒரு அறையின் குளிர்சாதனப் பெட்டி ஒன்பது வருஷத்தில் விடுகின்ற புகையில், ஏழை ஒருவனுக்கு ஒரு முழு வீடே கட்டிவிடலாம்!

இப்படியிருக்க, குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, "குடிசைதான் இயற்கையானது, கூரை வீடுதான் நம் பண்பாடு, கிராமத்தான் அதிலேயே இருந்தால் உலகம் பிழைக்கும்" என்று உபதேசம் செய்கிறவர்கள் சிலர் இருக்கின்றார்கள். இவர்களைப் பார்த்து நாம் ஒன்று கேட்கிறோம். குடிசை அவ்வளவு மேலானதானால் நீங்கள் ஏன் அதில் குடியிருக்கவில்லை? இந்த நாட்டில் குடிசை என்பது ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டதல்ல. திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு நிலைக்கு மேல் உயர்த்தி வீடு கட்டக்கூடாதென்று தடுத்து வைத்திருந்த காலம் உண்டு. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக, தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள்ளேயே கொளுத்தப்பட்டார்கள். 2004 ஜூலை 16ந் தேதி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் செத்தார்கள். 2011 டிசம்பர் 30ந் தேதி "தானே" புயல் அடித்தபோது பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு, நம் ஜில்லாவில் கூரை பறந்து மழையில் நின்ற குடும்பங்களுக்குக் கணக்கில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஏழையைப் பார்த்து "நீ கூரையிலேயே இரு" என்பது சுற்றுச்சூழல் பேச்சாகாது. அது பழைய மனுதர்மத்திற்குப் பச்சை வர்ணம் அடித்த பேச்சேயாகும்.

அப்படியானால் புகையைக் குறைக்க வேண்டியதில்லையா என்றால், கட்டாயம் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது என்பதுதான் விஷயம். மேலே சொன்ன கணக்கை மறுபடி பாருங்கள். 9 டன்னை 50 வருஷத்தால் வகுத்தால் 180 கிலோ. அதே வீட்டைப் பத்து வருஷத்தில் இடித்துவிட்டால்? வருஷத்திற்கு 900 கிலோ. ஆகவே வீட்டின் புகைக்குப் பெரிய மருந்து வீட்டின் ஆயுள்தான். கட்டியதை இடியாதே என்பதே முதல் பாடம்.

நல்ல வீட்டை இடிக்கிறவர்கள் யார், ஏன் இடிக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேதான் நமது வேலை ஆரம்பிக்கின்றது. சுவர் வெடித்ததென்றோ தளம் ஒழுகுகிறதென்றோ இடித்தால் அதில் அர்த்தமுண்டு. அப்படியில்லாமல், பிள்ளைக்குக் கலியாணம் ஆகவில்லை, வியாபாரம் படுத்துவிட்டது, வீட்டில் ஓயாத வியாதி என்றதும், வாஸ்து நிபுணர் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு ஆசாமி வந்து, "அக்கினி மூலையில் அடுப்பில்லை; ஈசானியத்தில் படிக்கட்டு இருக்கிறது; இடி" என்கிறான். உடனே கடன் வாங்கி அடுப்பங்கரையை இடிக்கிறார்கள், படிக்கட்டைப் பெயர்க்கிறார்கள், கிணற்றைத் தூர்க்கிறார்கள். கலியாணம் ஆனதா என்றால் ஆகவில்லை. கடன் மட்டும் ஆயிற்று. ஒரு தடவை வானத்திற்கு அனுப்பிய புகையை இரண்டாந்தடவையும் அனுப்பினதுதான் கண்ட பலன். அடுப்பு எந்த மூலையில் இருந்தாலும் அரிசி வேகத்தான் செய்கிறது என்பதை நமது தாய்மார்கள் தினமும் கண்ணால் பார்த்தும், இந்தப் பித்தலாட்டத்தை நம்புவது பரிதாபமே.

பாமர மக்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். தெலங்கானாவின் தலைநகரமாகிய ஐதராபாத்தில் சர்க்கார் தலைமைச் செயலகக் கட்டடங்களை 2020ல் இடித்தார்கள். தீயணைப்பு வசதி முதலியவை போதாதென்று சர்க்கார் காரணம் சொல்லிற்று. வாஸ்து சரியில்லை என்பதே உண்மைக் காரணமென்று நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்த இடத்தில் புதிதாகக் கட்டி 2023ல் திறந்த கட்டடத்திற்கு டாக்டர் அம்பேத்கர் பெயரை வைத்திருக்கிறார்கள்! மூடநம்பிக்கையை ஆயுள் முழுவதும் எதிர்த்தவரின் பெயரைத் தாங்கும் கட்டடத்தைப் பற்றி, இப்படி ஒரு பேச்சுக்கு இடம் வந்ததே ஒரு வெட்கக்கேடு. சென்னையிலோ வேறு விதமாக நடந்தது. ஓமந்தூரார் தோட்டத்தில் 2010ல் திறந்த சட்டசபைக் கட்டடத்தை, அடுத்த வருஷம் ஆட்சி மாறியதும் வேண்டாமென்று விட்டார்கள். அது கட்சிச் சண்டைதான். என்றாலும் கட்டடத்தை இடிக்கவில்லை. 2014ல் அது ஆஸ்பத்திரியாக ஆயிற்று. சண்டை போட்டாலும் சுவரை விட்டுவைத்தார்களே, அந்த மட்டுக்கும் புத்தி இருந்தது.

நிற்க, வாஸ்துவிலும் விஞ்ஞானம் இருக்கிறது என்று சொல்லுகிற மேதாவிகளுக்கு ஒரு வார்த்தை. வராகமிகிரர் என்பவர் எழுதிய பிருகத் சம்ஹிதை முதலிய புத்தகங்கள்தான் இந்தச் சாஸ்திரத்திற்கு ஆதாரமென்கிறார்கள். அவற்றில் என்ன இருக்கிறது? வெள்ளை மண் பிராமணனுக்கு ஆகும், சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு என்று இருக்கிறது. நமது காடாம்புலியூர் மண் செம்மண். அந்தப்படி பார்த்தால் இங்கே வீடு கட்ட ராஜவம்சத்தாருக்குத்தான் உரிமை! முந்திரி கொத்தி வயிறு வளர்க்கிற நம்மவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். மண்ணுக்குக்கூட ஜாதி வைத்த ஒரு புத்தகத்தை நம்பி, சூத்திரனென்று சொல்லப்பட்டவனே தன் சொந்தச் சுவரை இடித்துக்கொள்ளுவதென்றால், இதைவிட மானக்கேடு வேறென்ன வேண்டும்?

திசையே பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பாருங்கள், நன்றாகப் பாருங்கள். சூரியன் பிற்பகலில் எந்தச் சுவரைச் சுடுகிறது? மேற்குச் சுவரை. அங்கே ஒரு தாழ்வாரம் இறக்குங்கள், அல்லது ஒரு பலா மரத்தையோ வேப்ப மரத்தையோ வையுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று ஊரிலுள்ள பெரியவர்களைக் கேட்டு, அது வர ஒரு ஜன்னலும் போக ஒரு ஜன்னலும் எதிரெதிரே வையுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போய் உள்ளே சூடு தணிகிறது. 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் இப்போது வரும் 30 வாட் விசிறியை மாட்டினால், தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் வருஷத்திற்குச் சுமார் 197 யூனிட் மிச்சம். சுமார் 138 கிலோ வாயு மிச்சம். இரண்டு விசிறி மாற்றினால் 276 கிலோ. முன் சொன்ன வீட்டைக் கட்டிய புகை வருஷத்திற்கு 180 கிலோதானே? இரண்டு விசிறியிலேயே அதை ஈடு செய்து மேலும் மீத்துவிடலாம். இதற்கு எந்த நல்ல நேரமும் பார்க்க வேண்டியதில்லை.

இனிக் கட்டுவதிலும் அறிவைச் செலவழிக்கலாம். நெய்வேலி நமக்குக் கூப்பிடு தூரம். 1956ல் கம்பெனி ஏற்பட்டது முதல் அங்கே பழுப்பு நிலக்கரிக்காக நம் ஜனங்கள் நிலத்தைக் கொடுத்தார்கள். புகையையும் சாம்பலையும் வாங்கிக்கொண்டார்கள். அந்தச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதை மணலோடும் சுண்ணாம்போடும் அல்லது சிறிது சிமெண்டோடும் சேர்த்து அச்சில் அழுத்தினால், சூளையில் வேகவைக்காமலே கல்லாகிறது. இதற்காக நிலக்கரி எரிப்பதே நல்லது என்று அர்த்தமல்ல. எரித்துத் தீர்ந்த சாம்பல் ஏரியில் கிடப்பதைவிட ஏழை வீட்டுச் சுவரில் இருப்பது மேலென்கிறோம். செம்மண்ணோடு நூற்றுக்கு 5 பங்கு சிமெண்டு சேர்த்து இயந்திரத்தில் அழுத்திச் செய்கின்ற மண் கல்லை, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் வெகு காலமாகச் செய்து கட்டிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே பேசும் ஆன்மீகம் நமக்கு வேண்டியதில்லை. அந்தக் கல் வேண்டும். அதற்கு வேண்டிய செம்மண் நம் காலடியிலேயே இருக்கின்றது.

திருவனந்தபுரத்தில் இருந்த லாரி பேக்கர் என்கின்ற இங்கிலீஷ்காரர், செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையைப் பரப்பினார். அதில் நூற்றுக்கு 25 வரை செங்கல் மிச்சம். வெற்றிடம் இருப்பதால் வெயிலும் உள்ளே எளிதில் வராது. தளம் போடும்போது, கம்பிக்கு இடையில் பளுவைத் தாங்காத அடிப்பாகத்தில் பழைய ஓட்டை வைத்துக் காங்கிரீட்டைக் குறைக்கும் வழியையும் அவர் காட்டினார். சென்னை ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் ஆராய்ந்த ஒரு புதிய சிமெண்டில், உலையில் எரித்த கட்டிச் சுண்ணாம்புச் சரக்கு பாதிதான். மீதிக்குச் சூடாக்கிய களிமண்ணும் எரிக்காத சுண்ணாம்புக்கல் பொடியும் சிறிது ஜிப்சமும் சேர்க்கிறார்கள். அதனால் புகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. 2023ல் அதற்கு இந்தியத் தர முத்திரை விதியும் ஏற்பட்டுவிட்டது. சர்க்கார் 8 லட்சம் வீடு கட்டும்போது இவைகளையெல்லாம் தாங்களே கையாண்டு காட்டவேண்டுமேயல்லாமல், ஏழையிடம் பணத்தைக் கொடுத்து "உன் பாடு" என்று விட்டுவிடக்கூடாது.

இதில் மறக்கக்கூடாத ஒரு கூட்டம் இருக்கிறது. அது செங்கல் சூளையில் வேகின்ற கூட்டம். முன்பணம் வாங்கின பாவத்திற்காகக் குடும்பத்தோடு சூளையில் அடைபட்டு, கல் அறுத்துக் கடன் தீராமல் கிடக்கிறவர்கள் பெரும்பாலும் இருளரும் தாழ்த்தப்பட்டவரும் ஆவார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தும், சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டதாக இன்னமும் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. புகையைக் குறைக்கிறோமென்று சூளையை மூடிவிட்டு அவர்களைத் தெருவில் விடுவதும் அநியாயம். அவர்கள் பிழைப்பைச் சொல்லிச் சூளைக்காரன் அக்கிரமத்தைக் காப்பாற்றுவதும் அநியாயம். புதிய கல் செய்யும் இடங்களில் நியாயமான கூலியோடு முதல் வேலை அவர்களுக்கே தரவேண்டும். அடிமை அறுத்த கல்லில் கட்டிய வீட்டில் சுயமரியாதை எப்படிக் குடியிருக்கும்?

வீட்டின் சாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் பழைய வீட்டைப் பிரித்தால் நிலையும் கதவும் உத்திரமும் ஓடும் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சேருவது வழக்கம். இது நல்ல வழக்கம். இதையும் வாஸ்துக்காரன் "செத்த வீட்டு மரம் ஆகாது" என்று கெடுக்கப் பார்க்கிறான். மரத்திற்கு ஏதய்யா இழவுத் தீட்டு? செல் அரிக்காத மரம் நல்ல மரம். அதுதான் அதற்குச் சாஸ்திரம். காங்கிரீட்டை இடித்தால்கூட கம்பியை எடுத்துவிட்டு மீதியை உடைத்துத் தரைக்கும் பாதைக்கும் போடலாம். ஏரியில் கொட்டினால் ஏரியும் போயிற்று, கல்லும் போயிற்று.

கடைசியாக, பெரிய கம்பெனிகள் வேண்டிய மட்டும் புகை விட்டுவிட்டு, "எங்கேயோ மரம் நட்டோம்; பாவம் தீர்ந்தது" என்று கணக்கு எழுதுகின்றன. மரம் நடுவது நல்லதுதான். ஆனால் இது பாவத்தைச் செய்துவிட்டுப் பார்ப்பானுக்குப் பசு தானம் கொடுத்துப் பரிகாரம் தேடுவது போன்றதே. பரிகாரம் இருக்கிறதென்ற தைரியத்தில்தான் பாவம் பெருகுகிறது. புகையைக் குறைப்பதற்குப் புகையைக் குறைப்பதே வழி.

ஆகவே காடாம்புலியூர்த் தோழருக்கு நாம் சொல்லும் பதில் இதுதான். தோழரே! தைரியமாய்க் கெட்டி வீடு கட்டுங்கள். உங்கள் வீட்டால் உலகம் கெட்டுவிடாது. வேண்டியதற்கு மேல் ஒரு மூட்டை சிமெண்டும் போடாதீர்கள். ஊரார் மெச்ச வேண்டுமென்று தூணும் கோபுரமும் வைக்காதீர்கள். காற்றையும் வெயிலையும் பார்த்து ஜன்னல் வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும்படி கட்டுங்கள். கட்டிய பிறகு, வாஸ்து என்று சொல்லிக்கொண்டு எவனாவது வாசற்படி ஏறினால், அவனிடம் இந்தக் கணக்கைக் காட்டி, இடிக்கிற செலவை அவனே கொடுப்பானா, இடித்த பிறகு குறை தீராவிட்டால் திரும்பக் கட்டிக்கொடுப்பானா என்று கேளுங்கள். அவன் வந்த வழியே போய்விடுவான். சுவர் நிற்கும்.